வான்வழித் தூரமும் பயண நேரமும்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையிலுள்ள தொலைவைக் கூற நம் முன்னோர் வழங்கிய சொற்களுள் ‘நாழிகை வழி’ என்பதும் ஒன்று. நாழிகை என்பது 24 நிமிடம். அது காலத்தை அளப்பது. வழி என்பது இடத்தைச் சுட்டுவது. ஒரு நாழிகைப் பொழுதில் ஒருவன் நடந்து செல்லக்கூடிய தூரமே நாழிகை வழி. அஃது ஏறக்குறைய ஒன்றரை மைல். காலத்தைக் கொண்டு இடத்தை அளந்த இம்முறை பொருத்தமானதே. ஏனெனில், வழி நடப்பவன் அறிய விரும்புவது எத்தனை மைல் என்பதன்று. எப்பொழுது போய்ச் சேர்வோம் என்பதேயாம். தெருவும் புகைவண்டியும் வந்தபின் மைல் வழக்கில் வந்தது. மைலுக்குப்பின் கிலோமீற்றர் வந்தது. ஆயினும், விமானமேறிச் செல்லும் இக்காலத்தில் நாம் மீண்டும் பழைய அளவைக்கே திரும்பிவிட்டோம். இலண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டால், ‘பதினொரு மணி நேரம்’ என்றே விடை வருகின்றது.

இவ்விடை பிழையானதன்று; ஆயினும் நிறைவானதுமன்று. அந்தப் பதினொரு மணி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? அது போகும்போது செல்லும் நேரமா, வரும்போது செல்லும் நேரமா? எந்த ஊர்க் கடிகாரத்தைக் கொண்டு அதனை எண்ணுவது? இவ்வினாக்களை எழுப்பாது விட்டால், வீட்டிலிருப்போர் போடும் கணக்குப் பல வேளைகளிற் பிழைத்துப் போகின்றது. நம்மவர் நாலா திசைகளிலும் பரந்து வாழும் இந்நாளில், அப்பிழையால் வரும் துன்பமும் சிறிதன்று. ஆதலின், யாழ்ப்பாணம் - சென்னை என்னும் குறும்பயணம் ஒன்றையும், கொழும்பு - இலண்டன் என்னும் நெடும்பயணம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, தூரமும் நேரமும் கணிக்கப்படும் முறையை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

முதலிற் குறும்பயணத்தின் தூரத்தைக் காண்போம். பூமியுருண்டையில் ஓரிடம் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்று காட்டுவது அகலக்கோடு. கிழக்கு மேற்கு நிலையைக் காட்டுவது நெடுங்கோடு. ஒரு பாகை 60 கலைகளாகப் பகுக்கப்படும். அகலக்கோட்டில் ஒரு கலை மாறுவதற்கு எவ்வளவு தூரம் செல்லவேண்டுமோ, அத்தூரமே ஒரு கடல்மைல். இன்று அது 1,852 மீற்றர் என வரையறுக்கப்பட்டுள்ளது. மாலுமிகளும் விமானிகளும் இவ்வளவையையே கையாளுகின்றனர். தேசப்படத்திலிருந்து நேரே தூரத்தைப் பெறுதற்கு இதனினும் எளிய அளவை வேறில்லை.

பலாலி விமான நிலையம் வட அகலக்கோடு 9 பாகை 48 கலையில் உள்ளது. சென்னை மீனம்பாக்கம் 12 பாகை 59 கலையில் உள்ளது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க 3 பாகை 11 கலை, அஃதாவது 191 கலை வரும். எனவே தூரம் 191 கடல்மைல். அதனை 1.852 ஆற் பெருக்கினால் 354 கிலோமீற்றர். பழைய கணக்கில் 220 மைல். கூட்டலும் பெருக்கலும் அறிந்த எந்த மாணவனும் இதனை ஐந்து நிமிடத்திற் செய்து முடிக்கலாம்.

இவ்வளவு எளிதாகக் கணக்கு முடிந்தமைக்குக் காரணம், இவ்விரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்தமையே. பலாலி கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 4 கலை. மீனம்பாக்கம் 80 பாகை 10 கலை. வித்தியாசம் 6 கலை மட்டுமே. தரையில் அஃது ஏறக்குறைய 11 கிலோமீற்றர். இந்தப் பதினொரு கிலோமீற்றரைக் கணக்கிற் சேர்த்தால் தூரம் எவ்வளவு கூடும் என்று பைதகரசின் தேற்றப்படி பார்ப்பின், 170 மீற்றர் வரையே கூடக் காண்போம். கல்லூரி விளையாட்டு மைதானத்தை ஒருமுறை நீளவாட்டிற் கடக்கும் தூரம்! ஆதலால் சென்னை நமக்கு நேர் வடக்கே 354 கிலோமீற்றரில் உள்ளது என்று கொள்வதில் தவறில்லை.

இனி நேரம். 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் எனப் பெயர் பெற்றுத் திறக்கப்பட்டபொழுது, சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் நிறுவனத்தின் விமானம் வந்திறங்கியது. அச்சேவையில் ஈடுபடுத்தப்பட்டது ஏ.ரி.ஆர். 72 என்னும் விமானம். இரு புறமும் சுழல்விசிறி பூண்டது. மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் வேகத்திற் பறக்க வல்லது. 354ஐ 500 ஆற் பிரித்தால் 42 அல்லது 43 நிமிடம் வரும். ஆயின் நேரசூசிகையிற் காணப்படுவதோ ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரையான நேரம். மீதி அரை மணிக்கு மேற்பட்ட நேரம் எங்கே போயிற்று?

விடை யாதெனின், நேரசூசிகை பறக்கும் நேரத்தைக் கூறுவதன்று. விமானம் ஒரு நிலையத்தின் தரிப்பிடத்தை விட்டு அசையும் கணம் முதல், மறுநிலையத்தின் தரிப்பிடத்தில் அசைவற்று நிற்கும் கணம் வரை உள்ள நேரத்தையே அது கூறுகின்றது. அதனுள், ஓடுபாதையின் தலைப்புவரை ஊர்ந்து செல்லும் நேரம் அடங்கும். புறப்பட அனுமதி வரும்வரை காத்து நிற்கும் நேரம் அடங்கும். மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைந்து செல்லும் நேரமும் அடங்கும். மேலும், விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்புவது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காக அமைந்துள்ளது; தெற்கிலிருந்து செல்லும் விமானம் அதற்கு நேராக வரும்பொருட்டு வளைந்து திரும்ப வேண்டும். அங்கு வேறு விமானங்கள் வரிசையில் நிற்குமாயின் வானிற் சற்றுச் சுற்றவும் வேண்டும். இவையெல்லாம் போக, தாமதம் நேர்ந்தாலும் குறித்த வேளைக்குச் சேரும்பொருட்டு, விமான நிறுவனத்தார் சில நிமிடங்களைக் கூட்டியே அறிவிப்பர்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். தூரம் குறையக் குறைய, வேகத்தின் பயனும் குறையும். மணிக்கு 800 கிலோமீற்றர் செல்லும் ஜெற் விமானம் இத்தூரத்தை 27 நிமிடத்திற் கடக்கும் எனக் கணக்கிற் காணலாம். சுழல்விசிறி விமானத்திலும் பார்க்கக் கால் மணி நேரமே மிச்சம். அதுவும் ஏட்டளவில். அவ்வேகத்தை அடையுமுன்பே அது கீழிறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஊர்தலும் காத்தலும் திரும்புதலும் இரண்டுக்கும் ஒன்றே. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் தேதி எயார் சிலோன் நிறுவனம் தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தொடங்கியது. அன்று பறந்த டக்கோட்டா விமானம் மணிக்கு 170 மைல் அளவிற் செல்வது. 220 மைலை 170 ஆற் பிரித்தால் ஒன்றேகால் மணிக்குச் சிறிது கூட வரும். எழுபது ஆண்டுகளில் விமானக்கலை அடைந்த முன்னேற்றம் எத்துணைப் பெரிது! ஆயினும் பலாலியிலிருந்து சென்னை செல்பவனுக்கு அம்முன்னேற்றத்தாற் கிடைத்தது அரை மணி நேரமேயாகும்.

அங்ஙனமாயின் உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துவது எது? நேர்வழி உண்டா இல்லையா என்பதே. பலாலியிலிருந்து விமானம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தவர் சென்னை செல்ல மேற்கொண்ட வழியைச் சிந்தித்துப் பார்க்குக. முதலில் தெருவழியே தெற்கு நோக்கி, 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறையக் கட்டுநாயக்க சென்று சேர வேண்டும். எட்டு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் நிற்க வேண்டும். அதன்பின் 640 கிலோமீற்றர் வடக்கு நோக்கிப் பறக்க வேண்டும்; ஒன்றரை மணி நேரம் எனக் கொள்வோம். ஆகப் பயணம் ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர். நேரம் பன்னிரண்டரை மணி. பலாலிவழிச் செல்லின், வீட்டிலிருந்து நிலையம் செல்ல ஒரு மணி, காத்திருக்க மூன்று மணி, பயணம் ஒன்றேகால் மணி. மொத்தம் ஐந்தேகால் மணி.

இதில் வியப்பு ஒன்றுண்டு. கட்டுநாயக்கவையும் மீனம்பாக்கத்தையும் தேசப்படத்திற் குறித்து, அவற்றை அடிமட்டத்தால் இணைத்து ஒரு கோடு கீறிப் பாருங்கள். அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே செல்லும். வைத்தியத்தின் பொருட்டுச் சென்னை செல்லும் நோயாளி ஒருவர், எட்டு மணி நேரம் வண்டியிற் குலுங்கித் தெற்கே போய், பின்னர்த் தம் வீட்டுக் கூரைக்கு நேர் மேலாகவே வடக்கே மீளவேண்டியவரானார். பெருந்தொற்றினால் 2020 மார்ச்சு மாதத்தில் நின்றுபோன பலாலிச் சேவை, 2022 டிசெம்பர் 12ஆந் தேதி மீண்டும் தொடங்கியபொழுது மக்கள் அடைந்த மகிழ்ச்சியின் காரணம் இக்கணக்கைப் பார்த்தால் விளங்கும். அது வேகத்தினால் வந்த மகிழ்ச்சியன்று. சுற்றுவழி ஒழிந்தமையால் வந்த மகிழ்ச்சி.

நிற்க. இனி நெடும்பயணத்துக்கு வருவோம். கொழும்பும் இலண்டனும் ஒரே நெடுங்கோட்டில் உள்ளனவல்ல. கட்டுநாயக்க கிழக்கே 80 பாகையளவில் உள்ளது; இலண்டனோ சுழிய நெடுங்கோட்டை ஒட்டியுள்ளது. ஆதலால் முன்செய்த எளிய கழித்தல் இங்கே பயன்படாது. தட்டையான உலகப்படத்தில் இவ்விரண்டையும் அடிமட்டத்தால் இணைத்தாலும் உண்மையான குறுகிய வழி கிடையாது. ஏனெனில் பூமி தட்டையன்று. வகுப்பிலுள்ள பூகோள உருண்டையை எடுத்து, ஒரு நூலை இலங்கையில் ஒரு விரலாலும் இலண்டனில் மற்றொரு விரலாலும் அழுத்தி இறுக இழுத்துப் பார்க்குக. நூல் கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழி. பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டம் ஒன்றின் பகுதியாக அது அமைவதால், அதனைப் பெருவட்ட வழி என்பர். அந்நூல் அரபிக் கடலைக் கடந்து, ஈரானின் மேலாகவும், கருங்கடலின் வழியாகவும் ஐரோப்பாவுட் செல்வதைக் காணலாம். அதன் நீளம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். தட்டைப்படத்தில் நேர்கோடாகத் தோன்றும் வழியிற் சென்றாலோ, 200 கிலோமீற்றருக்கு மேல் வீணாகச் சுற்ற நேரிடும். படத்தில் நேராகத் தோன்றுவது உருண்டையில் வளைவு. படத்தில் வளைவாகத் தோன்றுவது உருண்டையில் நேர்.

இவ்வழியில் எப்பொழுதும் பறக்க முடியுமா எனின், முடியாது. ஒவ்வொரு நாட்டின் மேலுள்ள வானும் அந்நாட்டின் உடைமை. போர் மூண்ட நாட்டின் வானை விமானங்கள் விலக்கிச் செல்லும். பகைகொண்ட நாடுகள் தம் வானை மூடிவிடும். 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் உக்ரேனிற் போர் மூண்டபின், ருசியா ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானை மூடிற்று. அதன் விளைவாக, பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு ஒன்பதரை மணியளவிற் சென்ற விமானம், பதின்மூன்று மணியளவு செல்லவேண்டியதாயிற்று. நகரங்கள் அசையவில்லை, அவற்றிடையே உள்ள பயணம் மட்டும் நீண்டது. ஆதலின் நூல் காட்டும் தூரத்தை ஆகக் குறைந்த தூரம் என்று கொள்ளலாமேயன்றி, விமானம் செல்லும் தூரம் என்று கொள்ளலாகாது.

அடுத்து, காற்று. பூமியின் நடு அகலக்கோடுகளின் மேல், 30,000 முதல் 40,000 அடி உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடும் காற்று ஆறுபோல் ஓடுகின்றது. ஜெற் விமானங்கள் பறப்பதும் அவ்வுயரத்திலேயே. மேற்கே செல்லும் விமானத்துக்கு அஃது எதிர்நீச்சல். கிழக்கே வரும் விமானத்துக்கு நீரோட்டத்தோடு செல்லல். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகமுடைய விமானம் ஒன்றுக்கு, வழி முழுவதும் சராசரியாக 50 கிலோமீற்றர் காற்று உள்ளதென வைத்துக்கொள்வோம். போகும்போது வேகம் 850. 8,700 கிலோமீற்றருக்குப் பத்தேகால் மணி செல்லும். வரும்போது வேகம் 950. ஒன்பது மணிக்குச் சிறிது கூடச் செல்லும். வித்தியாசம் ஒரு மணிக்கு மேல். இவற்றோடு ஊர்தல், ஏறுதல், இறங்குதல், வழிவிலகல் ஆகியவற்றைக் கூட்டினால், இலண்டன் செல்லப் பதினொரு மணி முதல் பதினொன்றரை மணியளவும், மீள அதனிலும் அரை மணி முதல் ஒரு மணி வரை குறைவாகவும் ஆவது ஏன் என்பது விளங்கும்.

இனி, வீட்டிலிருப்போரை மிகவும் மயக்குவது கடிகாரம். இலங்கையின் நேரம் கிறினிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. (1996ஆம் ஆண்டு தொடக்கம் சில காலம் இது மாற்றப்பட்டிருந்து, 2006ஆம் ஆண்டு ஏப்பிரலிற் பழைய நிலைக்கு மீண்டது.) இங்கிலாந்தில் மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பர், அக்காலத்தில் வித்தியாசம் நாலரை மணி. தை மாதத்தில் ஒருவர் பிற்பகல் 1 மணிக்குக் கட்டுநாயக்கவில் ஏறிப் பதினொன்றரை மணி பயணஞ் செய்வாராயின், இறங்கும்போது நம் கடிகாரத்தில் நள்ளிரவு கடந்து 12.30, இலண்டன் கடிகாரத்திலோ அன்று மாலை 7 மணி. பயணச் சீட்டில் ‘1 மணி, 7 மணி’ என்றிருப்பதைப் பார்ப்பவர் ஆறு மணிப் பயணம் என எண்ணுவர். மீளும்போது இரவு 8.30க்கு ஏறிப் பத்தரை மணி பயணஞ் செய்தால், இங்கு வந்திறங்குவது மறுநாட் பகல் 12.30, பார்ப்பவர் பதினாறு மணிப் பயணம் என எண்ணுவர். இரண்டும் மயக்கமே. இம்மயக்கம் நீங்க ஒரு வழியுண்டு. சீட்டிற் காணும் இரு நேரங்களையும் கூட்டிப் பாதியாக்குக: 6ம் 16ம் 22, பாதி 11. கடிகார வித்தியாசம் ஒருமுறை கூடி ஒருமுறை கழிவதால் அற்றுப்போகும். எஞ்சுவது ஒருவழிப் பயணத்தின் சராசரி நேரம். உண்மை நேரங்களாகிய பதினொன்றரைக்கும் பத்தரைக்கும் நடுவே அது நிற்பதைக் காண்க.

இக்கணக்குகளால் ஆகும் பயன் யாது என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு ஒரு நிலையை எடுத்துக்காட்டுவேன். யாழ்ப்பாணத்தில் ஒரு தாயோ தந்தையோ காலமாகின்றார். கொள்ளி வைக்கவேண்டிய மகன் இலண்டனில் இருக்கின்றான். செய்தி அனுப்பியாயிற்று; அவனும் அன்றிரவே விமானமேறுகின்றேன் என்கின்றான். முற்றத்திற் கூடியிருப்போர், ‘பத்தரை மணிப் பயணந்தானே, இரவு ஏறினால் காலையில் வந்துவிடுவான்’ என்று எண்ணி, மறுநாட் பிற்பகலுக்குத் தகனக் கிரியைக்கு நேரம் குறித்து, உறவினர்க்கும் அறிவித்துவிடுகின்றனர்.

உண்மைக் கணக்கைப் பார்ப்போம். மகன் இலண்டனில் மாலை 4 மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்படுகின்றான். நம் கடிகாரத்தில் அப்பொழுது இரவு 9.30. 5.30க்கு விமான நிலையம், மூன்று மணி காத்திருப்பு, 8.30க்கு விமானம். கட்டுநாயக்கவில் இறங்குவது மறுநாட் பகல் 12.30. குடிவரவு அதிகாரிகளைக் கடந்து, பெட்டியைப் பெற்று வெளியே வர 2 மணி. அங்கிருந்து எட்டு மணி நேரம் தெருப் பயணம். வீட்டு வாசலை அடைவது இரவு 10 மணி. புறப்பட்ட நேரம் முதல் இருபத்துநாலரை மணி. அதில் விமானம் பறந்தது பாதியினும் குறைவு. பிற்பகலில் தகனம் என்றால், அவன் வெறும் வீட்டுக்கே வந்து சேர்வான். தாயின் முகத்தை ஒருமுறை காண்பதற்கென ஓடிவந்தவனுக்கு இதனினும் பெரிய துயரம் வேறென்ன உளது? மறுநாட் காலை என நேரம் குறித்திருந்தால் அத்துயரம் நேர்ந்திராது. ரொறன்ரோவில் இருப்பவனாயின், இடையில் ஓர் ஊரில் விமானம் மாறவும் வேண்டும். அவனுக்காக இன்னும் கூடுதலான நேரம் ஒதுக்கல் வேண்டும்.

ஆகவே, கடல் கடந்து ஒருவர் வருகின்றார் என்றால், அவரிடம் ‘எத்தனை மணிப் பயணம்?’ என்று கேளாதீர்கள். நான்கு வினாக்களைக் கேளுங்கள். வீட்டை விட்டு எப்பொழுது புறப்படுகின்றீர்? நேர் விமானமா, இடையில் மாறுவதா? இறங்கும் நேரம் இலங்கைக் கடிகாரப்படி எது, எந்தத் தேதி? இறங்கியபின் ஊர்வந்து சேர எத்தனை மணி? பயணச் சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் அவ்வவ்வூர்க் கடிகாரப்படியே அச்சிடப்படுவன; ஆதலால் வந்திறங்கும் நேரத்தை மாற்றாது அப்படியே கொள்க. அதனோடு ஒன்றரை மணியும் தெருப் பயணமும் கூட்டுக. கூட்டி வரும் நேரத்துக்கு மேலும் மூன்று மணியாவது இடைவெளி விட்டு, அதன்பின் நாளும் நேரமும் குறிக்குக. திருமணமாயினும், கோயிற் காரியமாயினும், இறுதிக் கடனாயினும், முறை இதுவே. விமானத்தை நாம் விரைவுபடுத்த முடியாது. காற்றைத் தடுக்கவும் முடியாது. நம் கையில் உள்ளது கணக்கு ஒன்றே. அதனை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொள்வது, தொலைவிலிருந்து வருபவர்க்கு நாம் செய்யும் முதல் உபசாரமாகும்.